பொடிக்கொசு

மாரியூர் போகிற ரோட்டில், உப்பளம் தாண்டி,
நம்புத்தாயின் ஆட்டுப்பட்டியில்
விளக்குப்பொறியைக் கட்டியபோது மணி ஆறேகால்.
ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள்.
ஊதா வெளிச்சம். அதற்கடியில் சின்னக் காற்றாடி.
அதற்கும் கீழே டப்பாவில்
சாராயம்போல நெடியடிக்கும் தண்ணீர்.
"நோய்க்கு வெளக்கேத்தி வரவேற்பாக்கும்?" என்றாள்.
அவள் சிரிக்கவில்லை. நானும்.

பதினோரு ஆடு செத்திருந்தது.
பன்னிரண்டாவது நின்றபடியே செத்துக்கொண்டிருந்தது.
முகம் வீங்கி, உதடு கனத்து,
குளம்பு தொடங்கும் இடத்தில் சிவப்பாய் ஒரு கோடு;
முள்ளில் நிற்பதுபோல
காலை மாற்றி மாற்றி வைத்தது.
வாயைப் பிளந்து காட்டினாள்.
நாவல்பழம் தின்ற பிள்ளையின் நாக்கு.
இந்த மாதத்தில் நாவல் ஏது.

"சாத்தையா கெடை வந்து எறங்குன அன்னைக்கே
எனக்குத் தெரியும்" என்றாள்.
கண்மாய்க்கரையில் நடந்த அடிதடியில்
சாத்தையா மகனுக்கு நாலு தையல்.
இது ஆட்டிலிருந்து ஆட்டுக்கு ஒட்டாது,
பூச்சி கடித்துத்தான் வரும் என்று
போன வாரமே சொல்லியிருந்தேன்.
கண்ணில் படாத ஒன்றின்மேல்
எப்படிக் கோபப்படுவது?
சாத்தையாவுக்கென்றால் முகம் இருக்கிறது.

விடிந்ததும் டப்பாவை எடுத்தேன்.
எள்ளில் பாதிகூட இல்லாத உடம்புகள்,
தேயிலைத் தூள் படிந்ததுபோல.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. எண்ணுவது என் வேலை.
கண்ணாடிக்கடியில் வைத்தால் இறக்கையில் புள்ளிகள்,
யாரோ பேனாவை உதறிவிட்டார்கள்.
வயிறு சிவந்ததெல்லாம் பெண்;
முட்டைக்காகக் குடித்த ரத்தம்.
குலிகாய்ட்ஸ் என்று பதிவேட்டில் எழுதுகிறேன்.
ஊரில் இதற்கென்று ஒரு பெயரில்லை. பொடிக்கொசு என்பார்கள், அவ்வளவுதான்.
அந்திக்கு அரிக்கும்.
தட்டினால் விரலில் ஒன்றும் மிஞ்சாது.

ஆடுகளிடம் ரத்தம் எடுத்தபின்
ஒரு குழாய் மீந்தது.
நடுப்பட்டியில் நின்ற செவலை மாட்டிடம்
சும்மாதான் எடுத்தேன்.

சென்னையிலிருந்து தாள் வரப் பத்து நாள்.
நோய் மாட்டிலும் இருந்தது.

அதற்குக் காய்ச்சலில்லை, நொண்டலில்லை.
மூக்கு ஈரமாய், அசைபோட்டபடி,
வேளைக்கு இரண்டு லிட்டர் கறந்துகொண்டிருந்தது.
மழைக்கும் திருட்டுக்கும் பயந்து
அவளே ஆடுகளுக்கு நடுவில் கொண்டுவந்து கட்டியது.
அதன் சாணமும் மூத்திரமும் மழைத்தண்ணியும்
மிதிபட்டுக் குழம்பிய மூலை,
அவை பெருகுவதற்கென்றே பிசைந்து வைத்த மாவு.

மாட்டுக்கு எங்கிருந்து?
அதற்கு முன்னால் ஒரு கொசு.
அந்தக் கொசுவுக்கு முன்னால் வேறொரு மாடு.
காற்றும் தூக்கி வருமாம், தண்ணீர் தாண்டியும்.
அந்த வழியே பின்னால் போனால்
கடலில் கால் நனைகிறது.

தாளை வண்டிப்பெட்டியில் வைத்துக்கொண்டு
அவள் வீட்டைக் கடந்து இரண்டு தடவை போனேன்.
மூன்றாவது தடவை நிறுத்தினேன்.

மாட்டை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.
"பாலு?"
குடிக்கலாம், மனுசருக்கு வராது.
"வித்துறவா?"
வேண்டாம். அடுத்த ஊருக்கு எதற்கு.
கொஞ்ச நாளில் ரத்தத்தில் அடங்கிவிடும்,
அதுவரை தள்ளிக் கட்டு. மூலையை வெட்டிக் காயப்போடு.
மிச்ச ஆடுகளுக்கு ஊசி கொண்டுவருகிறேன்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனவள்
பாதியில் நின்றாள்.
"சாத்தையாகிட்ட சொல்லிறாத."

ஊசிப் பட்டியலில் அடுத்த பெயர் அவர்தான்.
தொடைக்கிடையில் ஆட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு,
வெயில் இறங்கிய நேரத்தில்
சாத்தையா கேட்டார்:
"எங்கேருந்து வந்துச்சாம்?"

என் கழுத்தில் அரித்தது.
தட்டினேன்.
விரலைப் பார்த்தேன்.
"அசையாம பிடிங்க" என்றேன்.